வித்தியாசம் தெரியாது என்று சொன்னேன்

நீதிபதியின் பேனா நின்றுவிட்டது.

அதுவரை தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார். வெள்ளைக்காரர், நடுத்தர வயது. சட்டையின் கழுத்துப் பட்டை வியர்வையில் நனைந்து மடங்கியிருந்தது. மேலே பங்கா ஆடிக்கொண்டிருந்தது. அதன் கயிறு கப்பியில் உரசும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. நான் சொன்ன பதிலைத் துபாஷி பிரெஞ்சில் எடுத்துச் சொன்னார். உடனே பேனா நின்றது. நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

என்னிடம் கேட்ட கேள்வி சின்னக் கேள்விதான். “நீங்க வளக்கிற ரெண்டு பிள்ளைகளுக்கும் நடுவுல வித்தியாசம் உண்டா?”

பதிலும் சின்னது. “எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதாங்க. வித்தியாசமே தெரியாது.”

எனக்குப் பிரெஞ்சு பேச வராது. காதில் விழுந்தால் பாதி புரியும். துபாஷி சொன்னதில் எனக்குப் புரிந்த பாதி இதுதான்: “இந்த அம்மாளுக்கு இரண்டு பிள்ளைகளும் ஒன்றுபோல இருக்கிறார்கள். யார் எவர் என்று பிரித்தறிய முடியவில்லை.”

கூண்டின் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எதிர்த் தரப்பு வக்கீல் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார்.

வாசகி கேட்ட கேள்வி

சென்ற வாரம் இந்தப் பத்தியில், நான் சிறுமியாக இருந்த காலத்தில் எங்கள் மாதா கோயிலில் யார் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தோம் என்று எழுதியிருந்தேன். ஓரிடத்தில் ‘வேறுபாடு’ என்றும் இன்னோரிடத்தில் ‘பாகுபாடு’ என்றும் எழுதியிருக்கிறேன் போலிருக்கிறது. விழுப்புரத்திலிருந்து ஒரு வாசகி, பள்ளிக்கூட ஆசிரியை, “இரண்டுக்கும் ஒரே பொருள்தானே, ஏன் மாற்றி மாற்றி எழுதுகிறீர்கள்?” என்று கேட்டிருக்கிறார்.

ஒரே பொருள் இல்லை அம்மா. அந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசியதால் இரண்டு பிள்ளைகளையும் இழக்க இருந்தவள் நான். அதனால்தான் இந்த வாரம் நீதிமன்றத்தில் தொடங்கினேன்.

வேறுபாடு தானாக இருக்கும். மாங்காய்க்கும் மாம்பழத்துக்கும் உள்ளது வேறுபாடு. அதற்கு நீங்களும் நானும் ஒன்றும் செய்ய வேண்டாம். பாகுபாடு அப்படி இல்லை. ஒருவர் செய்தால்தான் உண்டு. பேதம், பாரபட்சம், ஓரவஞ்சனை எல்லாம் அந்தச் சாதிச் சொற்கள்தான். அதிலும் ஓரவஞ்சனை என்றால் மாமியார் வீட்டில் பரிமாறும் கரண்டிதான் எனக்கு ஞாபகம் வரும்.

வித்தியாசம் என்ற சொல்தான் ஆபத்தானது. அது இரண்டு வீட்டிலும் சாப்பிடும். “வித்தியாசம் தெரியுது” என்றால் கண் நன்றாக இருக்கிறது என்று பொருள். “வித்தியாசம் பாக்கறா” என்றால் மனசு நன்றாக இல்லை என்று பொருள். இதைத் தமிழில் பிறந்து வளர்ந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் துபாஷிக்குத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் மேல் குற்றம் இல்லை. வழக்கமாக வரும் துபாஷி வயதானவர். அன்று காய்ச்சலில் படுத்துவிட்டார். பதிலுக்கு வந்தவர் இளைஞர், வீட்டிலும் பிரெஞ்சே பேசுகிற குடும்பம். தமிழ் அவருக்கு வேலைக்காரர்களோடும் கடைக்காரர்களோடும் பேசுகிற பாஷை.

பிரித்தறிவதற்குப் பிரெஞ்சில் அவர் சொன்ன சொல் ‘திஸ்தேங்கே’. அந்த ஒரு சொல் மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். கலியாணத்துக்கு முன்னால் கன்னியாஸ்திரீகள் நடத்திய தையல் கூடத்தில் பூ வேலை கற்றுக்கொண்டேன். அவர்களை நாங்கள் ‘மாசேர்’ என்று கூப்பிடுவோம். வெள்ளை நூலிலேயே பால் வெள்ளை, சங்கு வெள்ளை, பழுப்பு ஓடிய வெள்ளை என்று பல உண்டு. மாசேர் இரண்டு நூல்கண்டுகளைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “திஸ்தேங்கே!” என்பார். எது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னவள் அன்று தைத்த பூவை முழுக்கப் பிரிக்க வேண்டும். பிரித்துப் பிரித்து அந்தச் சொல் என் விரல் நுனியில் ஏறிவிட்டது.

ஆகவே, நீதிமன்றத்தில் அந்தச் சொல் காதில் விழுந்ததும் நான் என்ன ஆகிவிட்டேன் என்று தெரிந்துவிட்டது. பெற்ற பிள்ளையையும் வளர்த்த பிள்ளையையும் யார் யார் என்று சொல்லத் தெரியாதவள்.

ஒரே வாசல்

கலியாணமாகி நான் குடிவந்த வீடு கோயிலுக்குப் பின் தெருவில் இருந்தது. ஒரே வாசல், நடுவில் முற்றம், இரண்டு குடித்தனம். வலப் பக்கம் நாங்கள். என் வீட்டுக்காரர் கடற்பாலத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் இடத்தில் வேலை பார்த்தார். இடப் பக்கம் மர்த்தா. அவள் கணவர் சைகோனில் சுங்க இலாகாவில் உத்தியோகம். எங்கள் ஊரில் அப்போது பாதி வீடுகளில் ஒருவராவது சைகோனில் இருந்தார்.

மர்த்தாவும் நானும் ஒரே சமயத்தில் பிள்ளை உண்டானோம். புளிப்புக்கு ஆசைப்பட்டு ஒரே மாங்காயைப் பங்கு போட்டுத் தின்றிருக்கிறோம். எனக்கு லூயி மாசியில் பிறந்தான். அவளுக்குச் சூசை சித்திரை வெயிலில் பிறந்தான். பிள்ளை பிறந்த கையோடு அவளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. பால் கட்டிக்கொண்டு வலியில் துடித்தாள்.

“அக்கா, இவனுக்கும் கொஞ்சம் குடேன்” என்றாள். வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து அவன் என் கையிலேயே தங்கிவிட்டான். அவள் எழுந்திருக்கவே இல்லை.

அவசர அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்தார்கள். ஞானத்தாயாக நின்றவள் நான். கோயிலிலிருந்து நேரே வீட்டுக்குத் தூக்கிவந்து, லூயியை ஒரு பக்கமும் சூசையை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பசி எடுத்தால் லூயி கத்துவான். சூசை கத்தமாட்டான், என் சேலையைப் பிடித்து இழுப்பான்.

சூசை நடக்க ஆரம்பித்தபோது அவன் அப்பா ஒரு தடவை சைகோனிலிருந்து வந்தார். பையன் அவரைப் பார்த்து என் முந்தானைக்குள் ஒளிந்தான். மனிதர் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, “இங்கயே இருக்கட்டும் அக்கா. நான் கூட்டிட்டுப் போயி இன்னா பண்ணப்போறேன்” என்றார். திரும்பிப் போனவர் அங்கேயே இறந்துபோனார். பங்குச் சாமியார் வந்துதான் சொன்னார்.

பையன்களுக்கு இது எதுவும் தெரியாது. தெருவுக்குத் தெரியும், தெருவும் சொல்லவில்லை. புதிதாகப் பார்க்கிறவர்கள் “ரெட்டையா?” என்று கேட்டால் “ஆமா” என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கூச்சமே இல்லை.

சொல்ல வேண்டும் என்று நினைக்காமலும் இல்லை. “புதுநன்மை வாங்கட்டும், அப்புறம் சொல்லலாம்” என்றார் என் வீட்டுக்காரர். கோயிலில் முதல் தடவை நற்கருணை வாங்குவதைத்தான் புதுநன்மை என்போம். நன்மை தின்மை பகுத்தறியும் வயது ஏழு என்று ஞானோபதேசத்தில் சொல்லிக்கொடுப்பார்கள். பகுத்தறிவு என்ற சொல் அந்த வருஷங்களில் தெருமுனைக் கூட்டங்களிலும் பலமாக அடிபட்டது. கோயில் ஒரு பகுத்தறிவைச் சொன்னது, கூட்டம் வேறொரு பகுத்தறிவைச் சொன்னது. நாங்கள் இரண்டுக்கும் நடுவில், பையன்களுக்கு ஏழு முடியட்டும் என்று காத்திருந்தோம்.

தண்ணீர்க் குடம்

சவரிராயன் அதற்குள் வந்துவிட்டார்.

சூசையின் அப்பாவுக்கு அண்ணன். அரியாங்குப்பத்தில் தென்னந்தோப்பு வைத்திருந்தார். தம்பியோடு ஏதோ மனஸ்தாபம், பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தம்பி செத்த பிறகு மனசு கேட்கவில்லை. அவருக்கும் அவர் மனைவிக்கும் பிள்ளை கிடையாது.

ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு, ஆற்றைத் தாண்டி வெயிலில் நடந்தே வந்தார். அவர் வந்து நின்ற நேரம் சூசை தெருக்குழாயிலிருந்து தண்ணீர் தூக்கிக்கொண்டு வந்தான். இடுப்பில் குடம், கால்சட்டையெல்லாம் ஈரம். லூயி முற்றத்தில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் பாடம் படித்துக்கொண்டிருந்தான். முறை வைத்துத் தூக்குவார்கள், ஒரு நாள் இவன், ஒரு நாள் அவன். அன்று சூசையின் முறை.

“இதுல எந் தம்பி புள்ள யாரு?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். கண்ணைக் காட்டினேன்.

அவர் முகம் மாறிவிட்டது. பையன்கள் உள்ளே போகும்வரை காத்திருந்தார்.

“ஏம்மா, எந் தம்பி புள்ள தண்ணி தூக்குது, ஒம் புள்ள குந்திக்கினு படிக்குது. நல்லாத்தான் வளக்கற.”

“அண்ணே, நேத்து வந்திருந்தா நீங்க லூயி தூக்கறதைப் பாத்திருப்பீங்க” என்றேன்.

“நான் இன்னைக்குத்தானம்மா வந்தேன்” என்றார்.

அவர் சொன்னதும் நியாயம்தான் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு மனிதர் ஒரு நாள் வந்து ஒரு நாளைத்தான் பார்க்க முடியும். அப்போது எனக்கு ஆத்திரம். பலாப்பழத்தைத் தொடவே இல்லை.

அடுத்து வந்தது வழக்கு. தம்பி மகனை வேலைக்காரனாக வைத்திருக்கிறார்கள், சொந்தப் பிள்ளைக்கும் அவனுக்கும் பாகுபாடு செய்கிறார்கள், ஆகவே பையனைப் பெரியப்பாவிடம் ஒப்படைக்க வேண்டும். இவ்வளவுதான் வழக்கின் சாரம்.

“தம்பி, நான் சொன்னது அது இல்ல”

நீதிமன்றம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், வெள்ளைக்காரர் தெருக்களில் இருந்தது. பையன்களைக் குளிப்பாட்டி, ஒரே துணியில் தைத்த சட்டை போட்டு, ஒரே எண்ணெய் தடவி வாரிவிட்டு அழைத்துப்போனோம். எதற்குப் போகிறோம் என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் அவர்களை வெளித் தாழ்வாரத்தில் உட்கார வைத்துக்கொண்டார். நான் மட்டும் உள்ளே போனேன்.

முதலில் சொன்ன அந்தக் கேள்வியும் பதிலும் அப்போது நடந்ததுதான்.

எழுந்த வக்கீல் மளமளவென்று பேசினார். எது யார் பிள்ளை என்று இவளுக்கே தெரியவில்லை என்றால், கைக்குழந்தையிலேயே மாறிப்போயிருக்கலாம். பிறப்புப் பதிவில் பெயர் இருக்கிறது, முகம் இல்லை. என் கட்சிக்காரரின் தம்பி மகன் இரண்டு பேரில் யார் என்று தெரியும்வரை இரண்டு பேரையும் இவளிடம் விட்டுவைக்கக் கூடாது. எனக்குப் புரிந்தவரை அதுதான். ஒருவனுக்காக வந்தேன். இப்போது இருவரும் போய்விடுவார்கள் போலிருந்தது.

கேட்காமல் பேசக்கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆகவே கையைத் தூக்கினேன். தூக்கியபடியே நின்றேன். நீதிபதி தலையசைத்தார்.

“தம்பி, நான் சொன்னது அது இல்ல” என்றேன் துபாஷியிடம்.

“நீங்க சொன்னதைத்தானே சொன்னேன்? வித்தியாசம் தெரியாதுன்னு சொன்னீங்க.”

“ஆள் தெரியாதுன்னா சொன்னேன்? பால் குடுத்தவளுக்கு ஆள் தெரியாதா? இருட்டுல ஒருத்தன் இருமினாக்கூட எவன் இருமறான்னு சொல்லுவேன்.”

“அப்ப வித்தியாசம் தெரியுமா?”

“தெரியும்.”

“சரி. வித்தியாசம் இருக்குன்னு சொல்லிடறேன்.”

“ஐயோ, அப்படிச் சொல்லிடாதீங்க! நான் வித்தியாசம் பாக்கறவள்னு ஆயிடும்.”

பாவம், அந்தப் பிள்ளைக்கு நெற்றியில் வியர்த்துவிட்டது. “அம்மா, தெரியும்ங்கறீங்க, தெரியாதுங்கறீங்க. இருக்குங்கறீங்க, சொல்லாதேங்கறீங்க. நான் என்னன்னு சொல்லட்டும்?”

நீதிபதி மேசையை விரலால் தட்டினார்.

எனக்கு அழுகை வந்தது. அழுதால் பேச முடியாது. மீனைப் பிடித்துக்கொண்டேன்.

“தம்பி, நான் மார்க்கெட்டுக்குப் போறேன். நேத்து மீனு எது, இன்னைக்கு மீனு எதுன்னு செவுளைப் பாத்தே பிரிச்சிடுவேன். அது எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து கொழம்பு வெச்சு ரெண்டு தட்டுல போடறேன். நல்ல துண்டு இவனுக்கு, வால் துண்டு அவனுக்குன்னு போடமாட்டேன். அதை நான் பாக்கமாட்டேன். தெரியறது வேற, பாக்கறது வேற. ரெண்டுத்தையும் தனித்தனியா எடுத்துச் சொல்லுங்க, உங்களுக்குப் புண்ணியம்.”

துபாஷி ஒரு தடவை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு நீதிபதியின் பக்கம் திரும்பி நீளமாகப் பேசினார். திஸ்தேங்கே மறுபடியும் வந்தது. இந்தத் தடவை ‘நன்றாக’ என்ற சொல்லோடு வந்தது. வேறொரு சொல்லும் வந்தது. அதைச் சொல்லும்போது இரண்டு கைகளையும் தராசுத் தட்டு மாதிரி சமமாகப் பிடித்துக் காட்டினார்.

நீதிபதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். எழுதவில்லை. பையன்களை உள்ளே கூப்பிடச் சொன்னார்.

என் விரல்

கையைப் பிடித்துக்கொண்டு இருவரும் வந்தார்கள். பங்காவை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்ததில் லூயி தடுக்கி விழப் பார்த்தான். சூசை பிடித்துக்கொண்டான்.

“உங்களுக்குப் பிறந்த பிள்ளை எது, இறந்துபோன அம்மாளின் பிள்ளை எது? அடையாளத்தோடு காட்டச் சொல்கிறார்” என்றார் துபாஷி.

“பசங்களுக்குத் தெரியாது தம்பி. கொஞ்சம் வெளியில நிக்க வெச்சுட்டுக் கேக்கச் சொல்லுங்க.”

அவர் சொன்னார். வக்கீல் உடனே மறுத்தார். பிள்ளைகள் எதிரில் இல்லாமல் எப்படிக் காட்டுவாள் என்றார். நீதிபதி கொஞ்ச நேரம் பையன்களையே பார்த்தார். கெட்டவர் இல்லை. அவர் முகத்தில் தயக்கம் தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னார். அவசியம் என்று அதற்குப் பொருள்.

சவரிராயன் எதிர் பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டார்.

காட்டாவிட்டால் இருவரும் போவார்கள். காட்டினால் சூசை இருப்பான். ஆனால் இதுவரை இருந்த மாதிரி இருப்பானா என்று தெரியாது. இதைவிட அதிகமாக யோசிக்க எனக்கு நேரம் இருக்கவில்லை. விரலை நீட்டினேன்.

“இவன் லூயி. நான் பெத்தவன். இவன் சூசை. மர்த்தா பெத்தவன். இடது காதுக்குப் பின்னால மச்சம் இருக்கும். அவன் அம்மாவுக்கும் அதே இடத்துல இருந்தது.”

காவலர் குனிந்து சூசையின் காதை மடக்கிப் பார்த்தார். லூயி ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். சூசை சிரிக்கவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நீட்டிய என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நீதிபதி அவனிடம் இரண்டு கேள்விதான் கேட்டார்.

“வீட்டில் தண்ணீர் தூக்குவது யார்?”

“நானும் லூயியும். மாத்தி மாத்தி.”

“சாப்பாடு யாருக்கு முதலில் போடுவார்கள்?”

சூசை யோசித்தான். “யாரு மொதல்ல கை கழுவிட்டு வராங்களோ அவங்களுக்கு.”

துபாஷி அதை மொழிபெயர்த்தபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நீதிபதி சிரிக்காமல் எழுதினார்.

மறுவாரம் தீர்ப்பு வந்தது. பையன் எங்களிடமே இருக்கலாம். பெரியப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

அன்று தாழ்வாரத்தில் துபாஷி என்னைத் தேடிக்கொண்டு வந்தார். “மன்னிச்சிக்குங்க மதாம். இனிமே யாராவது வித்தியாசம்னு சொன்னா, தெரியறதா பாக்கறதான்னு கேட்டுட்டுத்தான் வாயைத் திறப்பேன்” என்றார். நல்ல பிள்ளை. பிற்காலத்தில் பெரிய துபாஷியாக வந்தார்.

கேட்டுக் கேட்டு

ஜெயித்துவிட்டோம் என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள்.

விசாரணை நடந்த அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே லூயி கேட்டுவிட்டான். “அப்ப இவன் யாரு பையன்?” நான் வாய்க்கால் கரையில் நின்று, இரண்டு பேரையும் உட்கார வைத்து, மர்த்தாவைப் பற்றிச் சொன்னேன். நல்லவள், அழகாகப் பாடுவாள், உன்னை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். சூசை எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பானையருகில் போய் நின்றான்.

“அம்மா, தண்ணி குடிக்கட்டுமா?”

எனக்கு முதலில் புரியவில்லை. “குடியேன்டா” என்றேன்.

மறுநாள் காலையில், “அம்மா, ரொட்டி எடுத்துக்கட்டுமா?” சாயங்காலம், “அம்மா, வெளியில போயி விளையாடட்டுமா?” லூயிக்கு வேடிக்கையாக இருந்தது. “ஏம்மா இவன் எல்லாத்துக்கும் கேக்கறான்?” என்றான். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

அவன் கேட்கக் கேட்க நான் அதிகமாகக் கொடுத்தேன். தட்டில் அவனுக்கு முதலில் போட்டேன். தண்ணீர் முறையை நிறுத்தி, எல்லாத் தண்ணீரையும் நானே தூக்கினேன். லூயி தப்புச் செய்தால் திட்டினேன். சூசை செய்தால், “பரவால்லடா கண்ணு” என்றேன். அவன் இன்னும் மெதுவாகச் சாப்பிட்டான். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தான்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். ஒரு நாள் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னார்: “இந்தா, நீ அவனை விருந்தாளி ஆக்கற. கோர்ட்டுல வித்தியாசம் இல்லன்னு சொல்லிட்டு வந்து இங்க வித்தியாசம் பண்ணிக்கிட்டு இருக்கே.”

அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை. மறுநாள் காலையில் குடத்தை எடுத்துச் சூசையின் முன்னால் வைத்தேன்.

“இன்னைக்கு யார் மொறை?”

“...என் மொறை.”

“அப்புறம் ஏன் நிக்கற? போ.”

தூக்கிக்கொண்டு போனான். ஆனால் திரும்பி வந்து, “எங்க வைக்கட்டும்மா?” என்றான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் சவரிராயன் வருவார். முதல் தடவை ஒரே ஒரு பம்பரம் வாங்கிக்கொண்டு வந்து சூசையிடம் கொடுத்தார். சூசை அதை அப்படியே லூயியின் கையில் கொடுத்துவிட்டு நின்றான். அந்த மனிதர் பம்பரத்தையும் பையனையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த ஞாயிறு இரண்டு பம்பரம் வந்தது. ஒரே நிறம். அதற்காகக் கடை கடையாக அலைந்ததாக அவர் மனைவி பிறகு சொன்னாள். அதற்குப் பிறகு நான் அவருக்குக் காப்பி கொடுக்க ஆரம்பித்தேன்.

ஒரு நாள் போகும்போது வாசலில் நின்று சொன்னார்: “நான் வராமலே இருந்திருக்கலாம், இல்ல தங்கச்சி?”

“வந்தாச்சு அண்ணே. அடுத்த வாரம் வெய்யிலுக்கு முன்ன வாங்க” என்றேன். வேறென்ன சொல்வது?

சினை

மழை பிடித்துக்கொண்டது. வெள்ளம் வந்த ஆற்றில் மடவை மீன் நிறைய அகப்பட்டது. ஒரு ஞாயிறு சவரிராயன் பெரிய மடவை ஒன்றை ஓலையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மழை வலுக்கும் முன் கிளம்பிவிட்டார்.

வயிற்றைக் கீறினால் உள்ளே சினை. மடவைச் சினை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். இரண்டு மடல், மஞ்சள் நிறம், வெந்தால் வெண்ணெய் மாதிரி. இரண்டும் ஒரே அளவாக இருப்பது அபூர்வம். இதிலும் ஒன்று பெரிதாக இருந்தது.

குழம்பு கொதித்த வாசனைக்குப் பையன்கள் முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு அன்று காலையிலிருந்து தலைவலி. விறகு ஈரம், கண்ணெல்லாம் புகை. கரண்டியில் எது வந்ததோ அதைப் போட்டேன். பெரிய மடல் லூயியின் தட்டில் விழுந்தது. சின்னது சூசையின் தட்டில்.

நான் திரும்பவும் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

“அவனுக்கு மட்டும் பெருசா?”

யார் குரல் என்று ஒரு நொடி எனக்கே சந்தேகம் வந்தது.

“போன வாட்டியும் அவனுக்குத்தான் பெருசு குடுத்தே! எனக்கு எப்பப் பாத்தாலும் சின்னது!” சூசை தட்டைத் தள்ளிவிட்டான். குழம்பு தரையில் சிந்தியது.

“பொய்! போன வாட்டி சினையே இல்ல!” என்று கத்தினான் லூயி. சூசை எட்டி அவன் தட்டைப் பிடித்து இழுத்தான். லூயி அவன் முடியைப் பிடித்தான். இரண்டு பேரும் புரண்டார்கள்.

போய்ப் பிரித்துவிட்டேன். லூயிக்கு முதுகில் ஒன்று வைத்தேன். சூசையின் உச்சந்தலையில் நங்கென்று ஒரு குட்டு.

“சோத்தைத் தட்டி விடுவியாடா? வாயை மூடிக்கிட்டுத் தின்னு!”

சூசை வாயைப் பிளந்துகொண்டு அழுதான். தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். அறைக்குள்ளிருந்து என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். திரும்ப உள்ளே போய்விட்டார்.

நான் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் நீர் வந்தால் புகை என்று சொல்லிக்கொள்ளலாம்.

சூசை மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து வந்தான். இன்னும் விக்கிக்கொண்டே, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிச் சட்டிக்குள் விட்டு, இருந்ததிலேயே பெரிய துண்டைத் தேடி எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டு போனான்.